பனிக்கு முன்னால் ஒரு கறுத்த முகம்

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நான்கு கமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்துக் காம்பரா மாமா பீலிக்குப் போகிற வழியில் நின்று, "கடை போடப் போறியா?" என்று கேட்டார். கடையெல்லாம் இல்லை. எனக்கும் என் மச்சானுக்கும் மூன்று வருடமாக ஒரு வழக்கு. அதைத் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். படமெடுப்பது என் சம்பளத்தைத் தின்கிற பழக்கம். மச்சான் கல்யாண வீடுகளுக்குப் படமெடுப்பவன், அவனுக்கு அதுதான் சோறு போடுகிறது. கண்டியில் ஒரு ஸ்டூடியோக்காரர் தள்ளிவிட்ட பழைய கேனன் 5டி ஒன்றை நான் வாங்கியபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "2005-ல வந்த கமராடா அது. அது வந்தப்ப நீ ஓ.எல். கூட எழுதல." நானும் விடவில்லை. "முழு ஃபிரேம் சென்சர். பெருசு எப்பவும் பெருசுதான்" என்றேன். அவன் கட்சி, ஒளியைப் பிடிக்கிற சில்லு, அதாவது சென்சர், எவ்வளவு புதிது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கட்சி, எவ்வளவு பெரிது என்பதில். காமன் கூத்தில், காமன் எரிந்தான் என்கிற எரிந்த கட்சியும் எரியவில்லை என்கிற எரியாத கட்சியும் லாவணி பாடுவது மாதிரி வருடக்கணக்காக இழுத்தோம்.

ஆக, வரிசையில் இருந்தவை இவை. சித்தப்பா குவைத்தில் இருந்து 2007-ல் கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் கமரா, 7 மெகாபிக்சல். என் 5டி, 12.8 மெகாபிக்சல். என்னிடம் அதற்கு முன்பே இருந்த நிக்கோன் டி7000, 2010-ல் வந்தது, 16.2 மெகாபிக்சல். அப்புறம் மச்சானின் சோனி ஏ7 III, 2018-ல் வந்தது, 24 மெகாபிக்சல், ஞாயிறு மாலை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையோடு. ஐந்தாவதாக என் போன், சட்டைப் பையில்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 5டி, ஏ7 III இரண்டின் சென்சரும் முழு ஃபிரேம், கிட்டத்தட்ட 36க்கு 24 மில்லிமீற்றர், பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். டி7000-இன் சென்சர் 23.6க்கு 15.6, அதாவது 368. சித்தப்பாவின் கமராவில் இருப்பது 5.8க்கு 4.3 அளவு, சுமார் 25. ஒரு முழு ஃபிரேமுக்குள் அந்தச் சின்னச் சென்சரைப் போல முப்பத்தைந்து அடுக்கலாம்.

கடையில் போய்க் கேட்டால் அதை "இரண்டரையில் ஒரு இன்ச்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். இரண்டரையில் ஒரு இன்ச் என்றால் 10 மில்லிமீற்றர் வர வேண்டும், ஆனால் அந்தச் சென்சரின் மூலைவிட்டம் 7 மில்லிமீற்றர்தான். "ஒரு இன்ச்" சென்சரின் நீளம் 13.2 மில்லிமீற்றர், அகலம் 8.8. அதில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் இன்ச் வராது. பழைய தொலைக்காட்சிக் கமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் நிற்கிறது. கட்டிய படங்குத் துணியோடு நிறுத்துத் தேயிலைக் கொழுந்து என்று எழுதுவது போல.

சரி, காலைக்கு வருகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கீழே மலை சரிந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் இறங்குகிறது. ஆறரை மணிக்கு அங்கிருந்து பனி ஏறி வரும். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது அவருக்குப் பின்னால் எல்லாமே வெள்ளை. இந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், அத்தனை தடவையும் கெடுத்திருக்கிறேன். கமராவின் வெளிச்ச அளவைக்குப் பனி என்றால் என்ன என்று தெரியாது. இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். பனி சாம்பலானால் அதற்கு முன்னால் நிற்கிற கறுத்த முகம் என்ன ஆகும்? கரி. எங்கள் ஆட்களின் படங்களில் பாதி இப்படித்தான் போகிறது. அப்புறம் ஸ்டூடியோவில் அந்த முகத்தை இழுத்து வெளுக்க வைத்து மைதா பூசினது போல ஆக்கித் தருவார்கள். அதற்குக் கரியே மேல்.

அதனால் சோதனையை வேண்டுமென்றே அந்த இடத்தில் வைத்தேன். சின்னக் கமராவைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஒரே அமைப்பு: லென்ஸின் துளை எஃப்/4, உணர்திறன் ஐஎஸ்ஓ 200, திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி. பனி வெளுத்துப் போகாமல் அதற்குள் தெரியும் சவுக்கு மரங்கள் நிற்க வேண்டும், முகம் இருட்டில் விழட்டும் என்று. பிறகு கணினியில் முகத்தை மட்டும் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), அதாவது எட்டு மடங்கு, தூக்குவது. சின்னக் கமராவில் இதெல்லாம் முடியாது. அது தன் இஷ்டத்துக்கு ஒரு ஜேபெக் கொடுக்கும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா மூன்றாவது கமராவிலேயே பொறுமை இழந்தார். "ஏன்டா, பெரட்டுக்கு நேரமாகுது. பொட்டிய மாத்தி மாத்தி ஒரே மூஞ்சியத்தான எடுக்கிற?" நான்காவதில் அவர் முகத்தில் இருப்பது பாசம் அல்ல.

அன்று மத்தியானம் கணினியில் பார்த்தபோது என் கட்சிக்கு முதல் அடி விழுந்தது. 5டி படத்தில் முகத்தை இரண்டு ஸ்டாப் தூக்கும்வரை தாங்கியது. மூன்றுக்குப் போனதும் கன்னத்திலும் முக்காட்டின் மடிப்பிலும் மெல்லிய கோடுகள், கூரைத் தகரத்தின் அலை போல. அதைவிட ஐந்து வருடம் பிந்தி வந்த, பாதிப் பரப்புக்கூட இல்லாத டி7000, அதே மூன்று ஸ்டாப்பில் கோடே இல்லாமல் முகத்தைக் கொடுத்தது. கொஞ்சம் மணல் இருந்தது, அவ்வளவுதான். ஏ7 III-ஐ நான்கு ஸ்டாப் தூக்கியும் அம்மாவின் மூக்குத்திக் கல் தனியாகத் தெரிந்தது. மச்சானுக்கு உடனே சொல்லவில்லை.

இது ஏன் என்று விளக்க எனக்குத் தராசுதான் உதவும். மலையில் பறித்த கொழுந்தை அங்கேயே நிறுக்காமல், லொறியில் ஏற்றி, மேடு பள்ளத்தில் குலுங்க விட்டு, பாக்டரியில் கொண்டுபோய் நிறுத்தால் என்ன ஆகும்? வழியில் கொஞ்சம் சிந்தும், வேறு கூடையின் கொழுந்து கொஞ்சம் கலக்கும். பதினெட்டுக் கிலோ பறித்தவளுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஒரு கைப்பிடி பறித்த பிள்ளைக்கு அந்தக் கைப்பிடியே காணாமல் போகும். அந்தக் காலத்துச் சென்சர்கள் பல இப்படித்தான் வேலை செய்தன. ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்த மின்னேற்றத்தை, எண்ணாக மாற்றாமல், சென்சருக்கு வெளியே இருந்த வேறொரு சில்லுக்குக் கொண்டுபோய் அங்கே எண்ணினார்கள். போகிற வழியில் சேர்கிற இரைச்சல், வெளிச்சம் நிறைய விழுந்த இடத்தில் தெரியாது. இருட்டில் கைப்பிடி வெளிச்சம் மட்டும் விழுந்த இடத்தில், அதாவது அம்மாவின் கன்னத்தில், அதுதான் எல்லாம். சோனி 2007 வாக்கில் எக்ஸ்மோர் என்ற பெயரில் கொண்டுவந்த முறையில் சென்சரின் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தராசு, சென்சருக்குள்ளேயே. மலையிலேயே நிறுவை. டி7000-க்குள் இருப்பதும் அந்த வழி வந்த சோனி சென்சர்தான். 5டி-யைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அது பிறந்தபோது ஊரில் இருந்த தராசு அவ்வளவுதான்.

ஆனால் என் கட்சி செத்துவிடவில்லை. வெள்ளி இரவு கூத்து இருந்தது.

எங்கள் பக்கம் காமன் கூத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மாசியில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் வேஷம் கட்டி, தப்பு முழங்க லயம் லயமாக ஆடி வந்து, கடைசி இரவு விடிய விடிய நடக்கும். ரதியும் ஆண்தான். வெளிச்சம் என்பது கோயில் முன்னால் கட்டிய இரண்டு டியூப் லைட், தீப்பந்தங்கள், வீரபத்திரன் வரும்போது கூடுதலாகக் கொஞ்சம் நெருப்பு. எல்லாரும் அசைந்துகொண்டே இருப்பார்கள். எஃப்/1.8, 1/125 நொடி, இதற்குக் கீழே போனால் ரதியின் கை புகையாகிவிடும். மிச்சத்தை ஐஎஸ்ஓ-தான் கொடுக்க வேண்டும்.

இங்கே விஷயம் தராசு அல்ல, தூறல். மழை தொடங்கும்போது பிரட்டுக்களத்துச் சிமெந்துத் தரையைப் பாருங்கள். ஒரு சதுரத்தில் மூன்று துளி, பக்கத்துச் சதுரத்தில் ஒன்றுமில்லை, அடுத்ததில் ஒன்று. வானம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித்தான் பெய்கிறது, ஆனால் தரை புள்ளி புள்ளியாக இருக்கிறது. பத்து நிமிடம் பெய்த பிறகு பார்த்தால் எல்லாம் ஒரே ஈரம். ஒளியும் துளித் துளியாகத்தான் விழுகிறது. 100 துளி விழ வேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது பத்து வீதம். 10,000 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் ஒரு வீதம். இரவுப் படத்தில் மணல் மணலாகத் தெரிவதில் பெரும்பகுதி இந்தத் தூறல்தான். எந்தப் புதுச் சென்சராலும் இதை ஒழிக்க முடியாது, விழுகிற துளியை இன்னும் கொஞ்சம் சிந்தாமல் பிடிக்கலாம். நிறையத் துளி வேண்டுமென்றால் பெரிய தரை வேண்டும்.

உண்மையில் தரை கூட இல்லை, கூரையில் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதுதான். டி7000-இல் நான் போட்டிருந்தது 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், 5டி-யில் 50 மி.மீ. எஃப்/1.8. இரண்டும் ஏறக்குறைய ஒரே காட்சியைக் காட்டும். ஆனால் 35-ஐ 1.8-ஆல் வகுத்தால் துளையின் விட்டம் 19 மில்லிமீற்றர், 50-ஐ வகுத்தால் 28. பரப்பில் இரண்டு மடங்கு. பெரிய சென்சர் என்பது பெரிய துளை போடக் கிடைத்த சாக்கு. எஃப் எண் ஒன்றுதானே என்று மச்சான் பலமுறை வாதாடியிருக்கிறான், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் கதையை மாற்றுவான்.

இரவு ஒன்பதில் இருந்து விடிய நாலரை வரை மூன்று கமராவையும் மாற்றி மாற்றி எடுத்தேன். எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குக் குறைத்துத்தான் பார்த்தேன். நூறு வீதம் பெரிதாக்கிப் பார்ப்பது நியாயம் இல்லை. 12 மெகாபிக்சல் படத்தின் ஒரு புள்ளியும் 24 மெகாபிக்சல் படத்தின் ஒரு புள்ளியும் ஒரே அளவு முகத்தைக் காட்டுவதில்லை. ஒருவர் காலடியை மற்றவர் காலடியோடு எண்ணி, யார் தூரம் நடந்தார் என்று சொல்வது போல் ஆகிவிடும்.

ஐஎஸ்ஓ 1600-இல் 5டி-யும் டி7000-மும் கிட்டத்தட்டச் சமம். வெளிச்சம் விழுந்த ரதியின் முகத்தில் 5டி ஒரு முடி அளவு வழவழப்பு, பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்த கிழவர்களிடம் டி7000 கொஞ்சம் சுத்தம். ஐந்து வருட இளமை, பரப்பில் இருந்த குறையை ஈடுகட்டியிருக்கிறது. ஏ7 III-ஐப் போட்டால், 4000 வைத்தும் 5டி-யின் 1600 அளவு மணல்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே. இரண்டுக்கும் ஒரே பரப்பு, இடையில் 13 வருடம். நேரான வெளிச்சத்தில் 13 வருட விஞ்ஞானம் தந்தது அவ்வளவுதான். டி7000-இல் இருந்து முழு ஃபிரேமுக்கு மாறினால் பரப்புக் கணக்கில் மட்டும் கிடைப்பது ஒன்றேகால். இதை நான் மச்சானிடம் சத்தமாகவே சொன்னேன்.

ஏ7 III-இன் சென்சரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒளியை மறைத்துக்கொண்டு முன்னால் ஓடிய கம்பிகளைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். முழு ஃபிரேமில் இது முதலில் வந்தது 2015-இல், ஏ7ஆர் II-இல். கேட்கப் பெரிதாக இருந்தாலும், பெரிய புள்ளிகளில் கம்பி மறைக்கும் இடம் ஏற்கெனவே குறைவு. போன் சென்சருக்குத்தான் இது உயிர்.

போன் கதையும் சுவாரசியமானது. காலையில் பனியில் அது அம்மாவின் முகத்தைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்தது. கூடையைச் சுற்றிப் பனியில் ஒரு சாம்பல் வளையம், சாமி படத்து ஒளிவட்டம் போல. ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து அடுக்கிச் சராசரி எடுக்கிறது அது. பரப்பு இல்லாததை நேரத்தைக் கொடுத்து வாங்குகிறது. அசையாமல் நின்ற கோயில் கோபுரத்தை இரவில் 5டி-யைவிட அழகாகக் கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். ரதி சும்மா நிற்பாளா? அவள் கையில் எட்டு விரல்.

சித்தப்பாவின் சின்னக் கமரா இரவில் தோற்றது, இதில் சொல்ல ஒன்றும் இல்லை. மணலைத் துடைக்கிறேன் என்று முகத்தையே துடைத்துவிட்டது, ஈரக் களிமண் மாதிரி. இப்போது இந்தப் பழைய கமராக்களை "சிசிடி நிறம்" என்று சொல்லிப் பையன்கள் தேடி வாங்குகிறார்கள், என் வகுப்பிலேயே ஒருத்தன் கேட்டான். சிசிடி என்கிற சென்சர் வகை 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பொயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்தது, 2009-இல் நோபல் கிடைத்தது, மரியாதைக்கு உரியது. ஆனால் சிசிடி-க்கும், இப்போதைய வகையான சீமொஸ்-க்கும் நிறம் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அந்தச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிச் சதுரங்களும், பின்னால் நடக்கிற கணக்கும்தான் நிறத்தைத் தருகின்றன. பையன்களுக்குப் பிடிப்பது அந்தப் பழைய கணக்கு. அத்தோடு பிளாஷ். அதில் தப்பில்லை, விலை ஏற்றாமல் இருந்தால் சரி.

இதைவிட எங்கள் ஊரில் பெரிய எதிரி லென்ஸில் பிடிக்கிற பங்கசு, அதாவது பூஞ்சணம். டி7000-க்கு இருந்த இன்னொரு லென்ஸைப் பெட்டியில் இருந்து எடுத்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தது. பனிக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கப் பால் கலக்கிவிட்டது. எந்தத் தலைமுறைச் சென்சரும் அதற்குப் பின்னால் இருந்து என்ன செய்யும்? இப்போது எல்லாம் பால்மா டின்னுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு. அம்மா அந்த டின்னை மாவு டின் என்று நினைத்து ஒருநாள் திறந்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்று காலை நான்கு படமும் முடிந்து அம்மா கிளம்பப் போகும்போது, 5டி-யில் கடைசியாக ஒன்று எடுத்தேன். சோதனைக்காக இல்லை. பனி போனால் போகட்டும் என்று வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் கூட்டி, துளையையும் எஃப்/11-க்கு மூடி, அதற்கு ஈடாக நொடியை நீட்டி, திண்ணைத் தூணில் கமராவைச் சாய்த்து. பனி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது, சவுக்கு மரங்கள் காணாமல் போய்விட்டன. முகம் மட்டும் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல், இருந்த நிறத்திலேயே வந்தது. ஹட்டனில் எட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பிரிண்ட் போட்டு முன் காம்பராவில் மாட்டினேன்.

ஞாயிறு மாலை மச்சான் கமராவை வாங்க வந்தான். சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தான், எழும்பிக் கிட்டப் போனான்.

"பாத்தியா? என்னோடதுல எடுத்ததுதான இது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். அம்மாவின் தலைக்கு மேல், வெள்ளையில், மிளகளவு ஒரு சாம்பல் புள்ளி இருந்தது. தன் சென்சரில் ஒட்டிய தூசைத் தானே உதறிக்கொள்ளும் வசதி 5டி-யில் கிடையாது. அவன் அந்தப் புள்ளியில் விரலை வைத்தான்.

"ச்சே, இது 5டி" என்றான். "சென்சரக் கழுவுடா மொதல்ல."